எட்டு நண்டுகளின் குடல்

என் அக்கா புருஷனைக் கீழே தள்ள எனக்கு எட்டு வருஷம் பிடித்தது. அதில் ஏழே முக்கால் வருஷம் நான் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். மிச்சம் மூன்று மாதத்தில் காரியம் முடிந்துவிட்டது.

கடல் ஆய்வு நிலையத்தில் அதற்கு முன் பதினொரு வருஷம் குடல் வெட்டுவது என் வேலை. மீன், நண்டு, இறால், சங்கு, எது வந்தாலும் வயிற்றைத் திறந்து, நூல் மாதிரி இருக்கும் குடலைக் கிழியாமல் உருவி, நறுக்கி, குழாயில் போட்டு, பெயர் எழுதி ஃப்ரீசருக்குள் வைப்பேன். எனக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கையைப் பார்த்து வைத்த பெயர் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாயைப் பார்த்து வைத்தது என்று பிறகு ஒருவர் சொன்னார்.

அத்தான் அங்கே பிரிவுத் தலைவர். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காலத்தில் இருந்த ஒரே சண்டை குடலைப் பற்றியதுதான். எந்த விலங்கின் குடலுக்குள்ளும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. யார் யார் அங்கே குடியிருப்பது என்பதை எது முடிவு செய்கிறது? தின்கிற தீனியும் இருக்கிற தண்ணீரும் என்பது அத்தான் கட்சி. விலங்கின் சொந்தபந்தம் என்பது என் கட்சி. ஒரே தொட்டியில் விட்டு ஒரே தீனி போட்டு வளர்த்தாலும் நண்டின் குடலில் நண்டுக்கு உரிய கூட்டம்தான் இருக்கும். அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வகை நண்டை வெட்டினால் கிட்டத்தட்ட அதே கூட்டம். இறாலுக்குப் போனால் கொஞ்சம் விலகும், அது நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். மீனுக்குப் போனால் முழுக்க வேறு ஆட்கள். பதினொரு வருஷம் குடலுக்கு மேல் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு இது வாசனையிலேயே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான்.

"நண்டா இருந்தா என்ன, இறாலா இருந்தா என்ன? ரெண்டும் அதே சேத்தைத்தானே திங்குது," என்பார் அத்தான்.

"நானும் நீங்களும்கூட அக்கா சமைக்கிறதைத்தான் திங்கிறோம். எனக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு வந்துருச்சா?" என்பேன்.

அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "குடலைப் பத்திப் பேசாம உங்க ரெண்டு பேருக்கும் சோறு இறங்காதா?"

அந்த வீட்டில் நான் கால் வைத்து எட்டு வருஷம் ஆகிறது.

அப்போது ஒரு கப்பல் வெகு தூரம் போய், ஆழ்கடலில் வலை இறக்கி, எட்டு நண்டுகளைக் கொண்டுவந்தது. வேறொரு நிலையத்தின் சொத்து. எங்களுக்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு முறை கப்பல் போக எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது என்று இயக்குநர் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார். எட்டின் குடலையும் நான்தான் எடுத்தேன். நான்தான் ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைச் சாத்திவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்தால், ஃப்ரீசர் கதவு திறந்து கிடந்ததாம். உள்ளே இருந்ததெல்லாம் உருகிக் கெட்டுப்போனதாம். கடைசியாகக் கதவைத் தொட்டவள் நான்தானாம். எச்சரிக்கை மணி மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறிக்கை எழுதியவர் அத்தான். ஆழ்கடல் நண்டுக் குழாய்கள் எட்டையும் வெள்ளிக்கிழமை மத்தியானமே தாம் வேறு ஃப்ரீசருக்கு மாற்றிவிட்டதால் அவை தப்பின என்றும், அழிந்தவை எல்லாம் பக்கத்துக் கடலில் திரும்பப் பிடித்துக்கொள்ளக்கூடியவைதான் என்றும், கதவைத் திறந்து போட்டது நான்தான் என்றும் எழுதியிருந்தார்.

"நான் சாத்தினேன். டக்குனு சத்தம் கேட்டுச்சு. என் காதால கேட்டேன்," என்று இயக்குநரிடம் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னேன். வாசலில் நின்ற காவலாளியிடம்கூடச் சொன்னேன். யாரும் கேட்பதாக இல்லை. வெட்டும் மேஜையை என்னிடமிருந்து பிடுங்கி, கழுவும் அறைக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கே நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொல்லு. நான் கதவைத் திறந்து போட்டிருப்பேனா?"

"விடுடி. வேலை இருக்குல்ல, அது போதும்."

"அப்ப நீயும் நம்புறே."

இனி இந்த வாசலை மிதித்தால் நான் மனுஷியே இல்லை என்று கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் எடுக்கவில்லை, வீட்டுக்கு வந்தால் திறக்கவில்லை. நாலைந்து வருஷம் விடாமல் வந்துபார்த்துவிட்டு அவளும் ஓய்ந்துபோனாள்.

மறுவருஷம் அத்தானுடைய கட்டுரை வந்தது. குடலில் யார் குடியிருப்பது என்பதை விலங்கின் சொந்தபந்தம்தான் முடிவு செய்கிறது என்று முதல் பாதி. அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேலி செய்த என் பேச்சு, வரிக்கு வரி. என் பெயர் எங்கும் இல்லை. இரண்டாவது பாதியில்தான் அவருக்குப் புகழ். ஆழ்கடலுக்குப் போனால் இந்த விதி உடைகிறது, அந்த எட்டு நண்டுகளின் குடல் மற்ற நண்டுகளைப் போல இல்லை, இறாலைப் போல இருக்கிறது, ஆழத்தில் உறவு செல்லாது. உலகம் முழுக்கக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பரிசு கொடுத்தார்கள். அவர் பரிசு வாங்குகிற படத்தைப் பெரிதாக்கிக் கழுவும் அறைக்கு நேர் எதிரே மாட்டினார்கள். தினம் காலையில் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கையுறையை மாட்டுவேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுத முடியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் நிலையத்துக்குக் கணினியில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். ஒப்பந்த வேலை, ஒரு வருஷத்துக்கு. பழைய தரவுகளையும் மற்ற நாட்டவர்களின் புதுத் தரவுகளையும் ஒன்றாகப் போட்டு அலசுவது அவள் பொறுப்பு. கழுவும் அறையில்தான் வெந்நீர்க் கெண்டி இருந்தது, டீ போட வருவாள். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் வந்தவள் டீயைக் கலக்கிக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா, சர்க்கரை கரையலையா?"

"இல்ல மேடம், ஒரு எட்டு நண்டு உயிரை வாங்குது. இப்ப வேற நாட்டுக்காரங்களும் ஆழ்கடல் நண்டு பிடிச்சிருக்காங்க. மூணு கடல்ல, நூத்துக்கும் மேல. குடல் கூட்டத்தை வெச்சுப் பிரிச்சா எல்லாம் சமத்தா நண்டுங்களோட போய் உக்காருது. நம்ம எட்டு மட்டும் இறாலோட போய் உக்காருது."

நான் கழுவுவதை நிறுத்தினேன்.

"இறாலோட உக்காந்தா அது இறால்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உருகிப்போன எட்டுக் குழாய்களும் தப்பவே இல்லை! புது ஆட்களுக்கு வெட்டப் பழக்குவதற்காக நான் ஒரு பெரிய ஜாடி நிறைய இறால் குடலைச் சாராயத்தில் போட்டு வைத்திருந்தேன். நறுக்கிப் போட்டால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அத்தான் கெட்டுப்போன நண்டைக் கொட்டிவிட்டு அதை எடுத்துப் போட்டிருக்கிறார். நண்டா இருந்தா என்ன, இறாலா இருந்தா என்ன என்று நம்புகிற மனுஷன்தானே. தீனியும் தண்ணீரும்தான் கணக்கு என்று நினைத்ததால், குடல் தன் சொந்தக்காரன் யார் என்று காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"குடலை அலசும்போது பாக்டீரியாவோட சேர்ந்து அந்த விலங்கோட சொந்த மரபணுவும் வருமே, அதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அது நமக்கு வேண்டாததுன்னு முதல்லயே கழிச்சுடுவோம். குப்பை."

"எட்டு வருஷத்துக் குப்பை இருக்குமா?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். புத்திசாலிப் பெண், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஐந்து நாள் கழித்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரே வார்த்தை சொன்னாள். "இறால்." பிறகு முகம் வெளுத்து, "மேடம், எனக்கு இன்னும் பதினொரு மாசம் ஒப்பந்தம் இருக்கு," என்றாள்.

"நீ எதுவும் பேச வேணாம். தாளை மட்டும் குடு. பேசறதுக்கு நான் இருக்கேன்."

அன்றைக்கே இயக்குநரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மூடிய அறைக்குள் நாலு பேருக்குத் தெரிந்து, காதும் காதும் வைத்த மாதிரி முடிகிற விஷயமா இது? என்னை எல்லோர் முன்னாலும் கதவைத் திறந்து போட்டவள் என்றார்கள். எனக்கும் எல்லோரும் வேண்டும். நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அத்தான் பேசுவதாக ஏற்பாடு. இரண்டு மாதமும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது வரைக்கும்.

அந்த நாளில் அக்காவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அத்தான் பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். தண்ணீர் டம்ளர் வைக்க வந்தவள் மாதிரி ஓரத்தில் நின்றிருந்த நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"அந்த எட்டும் நண்டு இல்லை. இறால். பழகறதுக்காக நான் வெட்டி ஜாடியில போட்டு வெச்ச இறால். அதோட மரபணு இந்தத் தாள்ல இருக்கு. யார் வேணும்னாலும் பார்க்கலாம்," என்றேன். தாளை இயக்குநர் மடியில் வைத்தேன்.

அத்தான் கத்துவார், மறுப்பார், இவள் பழைய ஆத்திரத்தில் பேசுகிறாள் என்பார் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா. அது இறால்தான்," என்றார்.

அவ்வளவுதான். எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகளில் பாதிக்கு மேல் செலவாகவே இல்லை. ஆனாலும் அவர் மேடையிலிருந்து இறங்கும்போது படி தடுக்கித் தடுமாறியதைப் பார்த்தேன். அது ரொம்ப நன்றாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எதிரே இருந்த படத்தை மறுநாளே கழற்றினார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலத்தை நீட்டினார். மூன்று வரி. குழாய்களில் இருந்தது இறால் என்பது ஒன்று. அதை மாற்றிப் போட்டவர் பிரிவுத் தலைவர் என்பது இரண்டு. தாம் செய்யப்போகும் மோசடியை மறைக்க அவரே ஃப்ரீசரைத் திறந்துவிட்டு, தெரிந்தே என் மேல் பொய்ப் பழி போட்டார் என்பது மூன்று.

"மூணாவதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. மறுக்கவும் இல்லை. நீங்க கையெழுத்துப் போட்டா போதும். முதல் ரெண்டுக்கும் வேலைதான் போகும். மூணாவது இருந்தாத்தான் போலீசுக்குப் போக முடியும். திங்கக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடுது. உங்க பழைய மேஜையும் திரும்பக் கிடைச்சுரும்."

நான் பேனாவை அவரிடமே இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை அக்கா வந்தாள். கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜெயித்தவள் முகத்தை அவள் பார்க்க வேண்டாமா? திறந்தேன். கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். உள்ளே வந்து, சொல்லாமலே உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"போலீசுன்னு பேசிக்கிறாங்க," என்றாள்.

"பண்ணினதுக்கு வேணும்."

"இறாலைப் போட்டது தப்புதான். அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் சரி. ஆனா கதவைத் திறந்துவிட்டது அவர் இல்லடி."

"பின்ன நானா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீதான்."

என் கையிலிருந்த டம்ளரை அவள் மேல் வீசியிருப்பேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போற வழியில, கண்ணாடியை மறந்துட்டேன்னு அவர் நிலையத்துக்கு வந்தார். நானும் கூட இறங்கினேன். ஃப்ரீசர் ரூம்ல தரை பூரா தண்ணி. கதவு ரெண்டு விரல் அளவு திறந்திருக்கு. இடுக்குல ஒரு பை மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல வெள்ளிக்கிழமை தேதி, உன் கையெழுத்து. நான்தான் அதை உருவி எடுத்தேன்."

"டக்குனு சத்தம் கேட்டுச்சு," என்றேன். எட்டு வருஷமாகச் சொன்ன வார்த்தை, தானாக வந்தது.

"கேட்டிருக்கும். கதவு மூடித் திரும்பத் தானே திறந்துக்கும்போது நீ பஸ்ஸுக்கு ஓடியிருப்ப. இரவல் நண்டு போச்சுன்னு தெரிஞ்சா இயக்குநர் உன்னை வேலையை விட்டுத் தூக்கி, கேஸும் போடுவார்னு இவர் சொன்னார். நான் அழுதேன். ஏதாவது பண்ணுங்க, என் தங்கச்சின்னு காலைப் பிடிச்சேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போனோம். அவர் குழாயில மாத்தி மாத்திப் போட்டார். ஜாடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். நண்டு தப்பிச்சுதுன்னு ஆனதாலதான் உன்னைக் கழுவற ரூமோட விட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்கிட்டயா? அடுத்த நாளே நீ இயக்குநர் ரூமுக்குப் போய், தப்பு என்னுது, எனக்கு எவன் பிச்சையும் வேணாம்னு கத்தியிருப்ப. மூணு பேரும் உள்ள போயிருப்போம்."

கத்தியிருப்பேன்.

"அப்ப பரிசு? படம்? என் பேச்சைத் திருடி எழுதினது?" என்றேன். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்த எட்டும் மத்ததோட கலந்து காணாமப் போயிரும்னு நினைச்சார். அது தனியா நின்னு, எல்லாரும் புதுசா கண்டுபிடிச்சீங்கன்னு கையைத் தட்டினப்போ அவருக்கு வேணாம்னு சொல்லத் தெம்பு இல்லை. அப்புறம் அது பிடிச்சும்போச்சு. உன் பேரைப் போடாதது அநியாயம். நானே சண்டை போட்டேன். அதுக்கெல்லாம் நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்க வரலை. அந்த மூணாவது வரியில மட்டும் கையெழுத்துப் போடாதே."

"போட்டுட்டேன். நேத்தே."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த மனுஷன் மூன்றாவது வரியைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜாடியைப் பிடித்தவளும் கதவைத் திறந்து போட்டவளும் வெளியே வந்திருப்பார்கள். அவரை நல்லவர் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"திருப்பி வாங்க முடியாதா?" என்றாள்.

"முடியும். திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள. கதவைத் திறந்து போட்டது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. துணிப்பையைத் திறந்து, மாற்றுப் புடவை இரண்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"திங்கக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன். இப்ப சொல்றேம்ப. நாளைக்கு அந்தப் படம் ஞாபகத்துக்கு வரும். சாயங்காலத்துக்குள்ள மூணாவது வரியும் நியாயம்தான்னு உனக்கே தோணிரும். உன்னை எனக்குத் தெரியாதா?"

கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டாள். நான் ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போனேன். இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்ப்பதற்குள், மூன்றாவது வரியை அப்படியே விட்டுவிட எனக்கு இரண்டு நல்ல காரணங்கள் கிடைத்துவிட்டன. மணி அப்போது சனிக்கிழமை காலை பதினொன்றுகூட ஆகவில்லை.